முழங்காலில் நின்று பார்க்கும் மலை

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அபிராமி எங்கள் தோட்டத்துக்கு வந்தாள். தோட்டம் என்றவுடன் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். டென்மார்க்கில் ஹோர்சன்ஸ் நகருக்கு வெளியே ஒரு சங்கம் வாடகைக்கு விடும் துண்டு நிலம். நடுவில் ஒரு மரக்குடில், சுற்றிவர வேலி, வேலிக்கு அங்கால் இதே அளவில் இன்னொரு துண்டு, அதில் எங்களைப் பார்த்துக்கொண்டே உருளைக்கிழங்கு கிண்டும் ஒரு டேனிஷ்காரி. பொதுக் கழிப்பறை பாதையின் மறு கோடியில் இருக்கிறது. அவ்வளவு தூரம் நடப்பதா, வேலிப்பக்கம் ஒதுங்குவதா என்பதில் எனக்கும் என் மனைவி ரஞ்சிக்கும் தோட்டம் எடுத்த நாளிலிருந்து வழக்கு நடக்கிறது. இன்னும் தீர்ப்பு வரவில்லை.

அபிராமி என் சிநேகிதனின் மகள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, கட்டடக் கலைஞராகி, நான் கட்டட மொடல் செய்துகொண்டிருந்த அதே அலுவலகத்தில் போன வருசம் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பாவுக்கு டேனிஷில் பதில் சொல்கிற பிள்ளை எனக்கு மட்டும் தமிழில் கதைக்கும். என் டேனிஷைக் கேட்கச் சகிக்கவில்லை என்பது அவள் சொல்லும் காரணம்.

“மாமா, ஒரு விசயம் கேக்கோணும்” என்றாள். “எங்கட ஒஃபிஸிலை மொடல் பாக்க முதல் எல்லாரும் முழங்காலிலை நிக்கினம். முதலாளி ஹென்ரிக்கும்தான். முதல் நாள் நான் பிரேயராக்கும் எண்டு நினைச்சுக் கண்ணை மூடிட்டன்.”

“ஆமென் சொன்னியோ?”

“இல்லை. தலையை மட்டும் குனிஞ்சன். பிறகு கேட்டா, ‘அது தயா காலத்து வழக்கம், அவரைக் கேள்’ எண்டு சொல்லிச் சிரிக்கினம். நீங்கள் அங்கை என்ன செய்தனீங்கள்?”

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த ரஞ்சி திரும்பாமலே சொன்னாள்: “இஞ்சை வேலிக்குப் பின்னாலை செய்யிறதைத்தான் அங்கையும் செய்தவர்.”

பிள்ளைக்கு முன்னால் பாதியைத்தான் சொன்னேன். மிச்சத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் இப்போது ஓய்வில் இருக்கிறேன். வயதால் அல்ல, முழங்காலால். வேலை செய்ய முடியாது என்று எழுதித்தந்த வைத்தியர் என் இரண்டு முழங்காலையும் தட்டிப் பார்த்துவிட்டு, “நீ தரைக்கு ஓடு பதிக்கிறவனா?” என்று கேட்டார். “இல்லை, மலை பார்க்கிறவன்” என்றேன். டென்மார்க்கில் மலை இல்லை என்று அவர் எனக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார்.

வேலை பழகிய கதை சின்னது. அகதியாக வந்தேன், ஒரு களஞ்சியத்தில் பெட்டி மடித்தேன், தச்சுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கே நான் செய்த கதிரை ஆசிரியர் உட்கார்ந்ததும் உடைந்தது. ஆளைத் தூக்காத சாமான் செய்கிற வேலை எனக்குப் பொருந்தும் என்று அவரே யோசித்து, கட்டடங்களுக்குச் சின்ன உருவில் மொடல் செய்யும் ஓர் அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார். அந்த அலுவலகத்தின் முதலாளிதான் ஹென்ரிக்.

ஹென்ரிக் உயரமான மனிதர். கறுப்பு உடுப்புத்தான் போடுவார். அந்த மனிதர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றுவார். சேட்டின் கீழ்க்கரையை வெளியே இழுப்பார். ஒரு பக்கக் கண்ணாடியில் ஊதுவார், துடைப்பார், வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார். பிறகு மற்றப் பக்கம். பிறகு காதில் மாட்டும் கம்பிகள். சின்னப் பிழை என்றால் ஒரு பக்கத்தோடு நின்றுவிடும். கம்பிவரை போனால் வீட்டுக்குப் போய்ப் புதிய வேலை தேடலாம். நான் வந்த முதல் வருசத்தில் ஒருவர் ஒரு பள்ளிக்கூடத்தின் வாசலை அடுத்த வீட்டுக்காரரின் கோழிக்கூட்டுக்குள் வைத்து வரைந்துவிட்டார். அன்றைக்கு ஹென்ரிக் கண்ணாடியைக் கழுவவே போய்விட்டார்.

மொடல் அறையில் அவருக்கு ஒரே ஒரு சட்டம். நிலத்துக்கு நிறம் பூசக்கூடாது. பச்சை பூசினால் எந்தக் கட்டடமும் அழகாகத் தெரியும், அது பொய் என்பார். அதனால் நிலம் முழுக்கக் கார்க், போத்தல் அடைக்கும் அதே தக்கை. சமவுயரக் கோடு போட்ட படத்தை எடுத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கார்க் தகடு வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டவேண்டும். நூற்றில் ஒரு பங்கு அளவு என்றால், ஒரு சென்ரிமீற்றர்த் தகடு நிலத்தில் ஒரு மீற்றர் உயரம். டென்மார்க்கில் இது சுகமான வேலை. இரண்டு தகடு வெட்டி ஒட்டினால் நிலம் முடிந்துவிடும். மூன்றாவது தகடு தேவைப்பட்டால் எல்லோரும் வந்து, “ஓ, மேட்டு நிலம்” என்று அதிசயமாகப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இனி என் குரங்குச் சேட்டையைச் சொல்லவேண்டும். நான் செய்த ஒவ்வொரு மொடலிலும் என்னையும் செய்து ஒளித்து வைப்பேன். மெல்லிய கம்பியில் ஒரு உருவம், சின்னத் தொந்தி, இடுப்பில் கட்டம் போட்ட சாரம். நகரமண்டப மொடலில் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் படுத்திருந்தேன். நூலகத்தில் படிக்கட்டுக்குக் கீழே குந்தியிருந்தேன். முதியோர் இல்லத்தில் மரத்தில் ஏறியிருந்தேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. மொடலை எல்லோரும் நின்றுகொண்டு மேலே இருந்துதான் பார்ப்பார்கள். குனிந்து பக்கவாட்டில் பார்க்க இந்த நாட்டில் எவருக்கும் ஒரு காரணமும் இருந்ததில்லை.

பிறகு மலை வந்தது.

அல்ப்ஸ் மலையில் ஒரு கிராமம். அந்தச் சரிவில், மலையோடு ஒத்துப்போகிற மாதிரி, நவீனமாக ஒரு விருந்தினர் விடுதி கட்டவேண்டும். ஹென்ரிக்கின் வரைபடம் போட்டியின் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது. எங்களுக்கு அது வாழ்வா சாவா என்கிற கட்டம். அதற்கு முதல் கேட்ட வேலைகள் ஒன்றும் கிடைக்கவில்லை. இதுவும் போனால் அலுவலகத்தில் பாதிப் பேரை நிறுத்தவேண்டும் என்று ஹென்ரிக் மதியச் சாப்பாட்டில் சொல்லிவிட்டார். எந்தப் பாதி என்று சொல்லவில்லை. ஆனால் மொடல் செய்கிறவன் எந்தப் பாதியில் இருப்பான் என்று கணக்கிட எனக்குப் படிப்புத் தேவையில்லை.

நிலத்திலேயே வைத்துச் செய்த மலை மொடல் என் இடுப்புக்கு மேலே வந்தது. வெட்டின கார்க்கில் என் மூக்கு அடைத்துப்போனது. ரஞ்சி என்னை வீட்டுக்கு வெளியே வைத்துத் தும்புத்தடியால் தட்டித்தான் உள்ளே விட்டாள். கட்டடத்தை மட்டும் மரத்தில் செய்து, ஊசிகளில் பொருத்தி, கழற்றி எடுக்கிற மாதிரி வைத்தேன். அழகான கட்டடம்தான். மலையின் முகட்டுக் கோடு எப்படி வளைகிறதோ அப்படியே கூரையும் வளையும். கூரையில் புல் வளரும். மேலே இருந்து பார்த்தால் மலை எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பறவைகள் பார்த்தால் மயங்கிவிழும். கட்டடத்தின் முன்பாதி தூண்களில் நின்றபடி சரிவுக்கு மேலே நீட்டிக்கொண்டு இருந்தது.

நீட்டிக்கொண்டு நிற்கிற பகுதிக்கு அடியில் நல்ல நிழல். யாரும் பார்க்காத இடம். என்னை அங்கே வைத்தேன். இந்த முறை நிற்கிற மாதிரி. சாரத்தை மடித்துக் கட்டி, பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு, ஒன்றுக்கு இருக்கிற மாதிரி. தூண்டில் நரம்பில் ஒரு துண்டு வெட்டி, வளைத்து, மெல்லிசாக மஞ்சள் பூசி ஒட்டினேன். அந்த வளைவுக்கு நான் எடுத்த கவனத்தைக் கட்டடத்துக்குக்கூட எடுக்கவில்லை.

மேலே இருந்து எடுத்த படங்களைத்தான் கிராமத்துக்கு அனுப்புவதாக ஏற்பாடு. நான் நிம்மதியாக எஸ்பியர்க் நகரில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குப் போய், இரண்டு நாள் சாப்பிட்டு, ஆடி, குரல் அடைத்துத் திங்கட்கிழமை வேலைக்கு வந்தேன். வாசலில் ஹென்ரிக் நின்றார்.

“படத்தை நம்பமாட்டார்களாம்” என்றார். “இன்றைக்கு நேரிலேயே வருகிறார்கள். ஊர்த் தலைவரும், ஊரின் தண்ணீருக்குப் பொறுப்பான ஒரு பெண்மணியும். இன்றைக்கே முடிவு சொல்வார்களாம்.”

 

அந்த உருவத்தைப் பிடுங்கி எடுக்க ஒரு சாமணம் எடுத்துக்கொண்டு மொடல் அறைக்குப் போனேன். ஹென்ரிக்கும் வந்தார். தூசி உறிஞ்சியை எடுத்து அவரே நிலத்தைச் சுத்தம் பண்ணத் தொடங்கினார். நான் மலைக்கு ஒரு பக்கம் நின்றேன், அவர் மறுபக்கம் நின்றார். நான் அங்கால் போனால் அவர் இங்கால் வந்தார். அந்தக் குழாய் ஒருமுறை கட்டடத்துக்குப் பக்கத்தில் போனபோது, என்னை உறிஞ்சி எடுத்துவிடாதா என்று மனதார வேண்டினேன். குழாய் திரும்பிப் போய்விட்டது.

பதினொன்றரைக்கு மதியச் சாப்பாடு. டேனிஷ் அலுவலகத்தில் தீப்பிடித்தாலும் மதியச் சாப்பாட்டை விட்டு எழும்பமாட்டார்கள்.

“எனக்குப் பசியில்லை” என்றேன்.

ஹென்ரிக் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருசத்தில் என் வாயிலிருந்து அந்த வசனம் வந்ததில்லை. “சுகமில்லையா?” என்று கேட்டுப் பக்கத்தில் இருத்தினார். கறுப்புப் பாணையும் ஊறவைத்த மீனையும் தட்டில் அங்கும் இங்கும் தள்ளினேன். சாப்பாடு முடிவதற்குள் நழுவி ஓடினேன்.

கட்டடத்தைத் தூக்கி எடுத்திருந்தால் விசயம் முடிந்திருக்கும். ஆனால் பயந்த மனிதனுக்கு நேர்வழி தோன்றாது. நான் நிலத்தில் படுத்து, கீழ்ப்பக்கத்தால் மேலே கையை விட்டேன். சாமணத்தால் என் காலைப் பிடித்தும்விட்டேன், அந்தச் சின்ன என்னுடைய காலைச் சொல்கிறேன். இழுத்தால் வரவில்லை. நான் செய்து ஒட்டின முதலாவது உறுதியான சாமான் அதுதான். அந்த நேரம் பார்த்து என் கம்பளிச் சட்டையின் நூல் ஒரு தூணில் கொளுவிக்கொண்டது. கை உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

கதவு திறந்தது. முதலில் ஹென்ரிக்கின் கறுப்புச் சப்பாத்து தெரிந்தது. பிறகு இரண்டு சோடி மலைச் சப்பாத்துகள்.

“தயா, என்ன செய்கிறாய்?”

“மலை ஆடுகிறதா என்று பார்க்கிறேன்.”

“ஆடுகிறதா?”

“இல்லை. நான்தான்.”

சட்டை கிழிய எழும்பி நின்றேன். ஊர்த் தலைவர் பெரிய மீசைக்காரர். என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, மேசையில் இருந்த கேக்கைப் பார்த்தார். தண்ணீர்ப் பெண்மணியின் பெயர் ரோஸா. கட்டையான ஆள், தோளில் ஒரு துணிப்பை, கொண்டைக்குள் ஒரு பென்சில். கேக்கைப் பார்க்கவில்லை. அப்போதே எனக்குப் பயம் கூடிவிட்டது.

ஹென்ரிக் விளக்கம் சொன்னார். முகட்டுக் கோடு, கூரைக் கோடு, புல், அந்த ஊரின் மரம், அந்த ஊரின் கல். ஊர்த் தலைவர் மேலே இருந்து பார்த்துத் தலையாட்டினார். ரோஸா மட்டும் மலையைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். அவர் கீழ்ப்பக்கம் வர நானும் கீழ்ப்பக்கம் போய் நின்றேன். அவர் இடப்பக்கம் சாய நானும் இடப்பக்கம் சாய்ந்தேன். பந்தாட்டத்தில் கோல் காக்கிறவன் மாதிரி கையை விரித்துக்கொண்டு நின்றேனாம். பிறகு அலுவலகத்தில் நடித்துக் காட்டினார்கள்.

“எங்கள் ஊர் எங்கே?” என்று கேட்டார் ரோஸா.

நான் வேறு வழியில்லாமல் என் சப்பாத்துக்குப் பக்கத்தில் இருந்த மொடலின் அடி விளிம்பைக் காட்டினேன். அங்கேதான் சின்னத் தேவாலயமும் சில வீடுகளும் ஒட்டியிருந்தன.

அவர் துணிப்பையைக் கழற்றி வைத்தார். என்னை ஒரு கையால் விலத்தினார். முழங்காலில் நின்றார், போதாமல் கன்னத்தை நிலத்தோடு வைத்தார். “நான் இங்கே இருந்துதான் பார்ப்பேன்” என்றார். “என் குசினி யன்னல் இதுதான். மேலே இருந்து எங்கள் மலையை ஆண்டவர்தான் பார்க்கிறார். அவர் முறைப்பாடு செய்யமாட்டார்.”

ஊர்த் தலைவர் கேக் மெல்லுவது மட்டும் கேட்டது.

“கூரையே தெரியவில்லை” என்றார் ரோஸா தரையிலிருந்து. “கட்டடத்தின் வயிறுதான் தெரிகிறது.” கொஞ்சம் பொறுத்து, “இங்கே ஒரு ஆள் நிற்கிறான்” என்றார்.

ஹென்ரிக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பாவாடை கட்டியிருக்கிறான்.”

ஒரு பக்கம் துடைத்தாயிற்று.

“ஒன்றுக்கு இருக்கிறான்.”

மற்றப் பக்கமும் துடைத்தாயிற்று. கை, காது மாட்டும் கம்பிக்குப் போனது. நான் மனதுக்குள் எஸ்பியர்க்குக்கு ரெயில் ஏறிவிட்டேன். அங்கே என் மச்சான் மீன் பெட்டி கழுவுகிற இடத்தில் ஆள் தேவை என்று சாமத்தியவீட்டில்தான் சொல்லியிருந்தான்.

ஊர்த் தலைவர் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே முழங்காலில் இறங்கினார். பிறகு ஹென்ரிக்கும் இறங்கினார். அவ்வளவு உயரமான மனிதர் மடிந்து கீழே வருவதைப் பார்ப்பது, கட்டடம் இடிவதைப் பார்ப்பது மாதிரி. மூன்று தலைகளும் வரிசையாக நிலத்தில் இருந்தன. நான் மட்டும் நின்றால் மரியாதை இல்லையே என்று நானும் இறங்கினேன். வாழ்க்கையில் முதல்தடவையாக என் மொடலை நான் கீழே இருந்து நிதானமாகப் பார்த்தேன். நன்றாகத்தான் நின்றேன்.

ரோஸா சிரிக்கவில்லை. கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, மஞ்சள் வளைவு போய் விழுந்த இடத்தைத் தொட்டார். “இது எங்கள் ஊற்று” என்றார். “ஊர் முழுக்க இதைத்தான் குடிக்கிறது. இவனுக்கு மேலே என்ன இருக்கிறது?”

ஹென்ரிக் யோசித்தார். “கழிப்பறைகள்” என்றார். “கழிவுத் தொட்டியும்.”

“அப்போ இவன் தனியாள் இல்லை. விடுதிக்கு வருகிற எல்லோரும் இவன் செய்கிறதைத்தான் செய்வார்கள்.”

அலுவலகத்தில் எவருக்கும் அது தோன்றவில்லை. தட்டையான நாட்டில் ஒருவர் வீடு இன்னொருவர் தலைக்கு மேலே இருப்பதில்லை. மேலே கட்டுவதென்றால் கீழே யார் குடிக்கிறார்கள் என்று கேட்க இங்கே ஒரு பழக்கம் உருவாகவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. என்னைச் சொல்லுங்கள். நான் யாழ்ப்பாணத்தான். அடுத்த வளவுக்காரனின் கக்கூஸ் குழிக்கும் எங்கள் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்று என் அப்பா வேலிக்கு மேலால் வருசக்கணக்காகச் சண்டை பிடித்ததைக் கேட்டு வளர்ந்தவன். அந்த மலையைத் தகடு தகடாக என் கையால் ஒட்டியவன். எனக்கும் தோன்றவில்லை. நான் அந்த வளைவை ரசித்துக்கொண்டிருந்தேன்.

ஊர்த் தலைவர் வாய் திறந்தார். “மற்ற நிறுவனங்கள் எல்லாம் மொடலில் குடை பிடித்த பெண்களையும் பலூன் பிடித்த பிள்ளைகளையும் வைத்திருந்தார்கள்” என்றார். “ஆபத்து எங்கே என்று ஆள் வைத்துக் காட்டியவர்கள் நீங்கள் மட்டும்தான். ஆனால் கட்டடம் இந்த இடத்தில் வராது. இதை நகர்த்தாவிட்டால் ‘முடியாது’ என்பதுதான் எங்கள் பதில்.”

ஹென்ரிக் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

“நகர்த்தலாம்” என்றார் ஹென்ரிக்.

பிறகு நடந்ததுதான் நான் பார்த்த வேலைகளிலேயே நல்ல வேலை. ரோஸா கட்டடத்தை இரண்டு கையாலும் தூக்கினார். ஊசிகள் கழன்றன, நான் வெட்டவெளியில் சாரத்தோடு நின்றேன். அவர் கட்டடத்தைச் சரிவின் மறுபக்கம், ஒரு பாறைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். அங்கிருந்து தண்ணீர் ஊர்ப்பக்கம் வராதாம். எல்லோரும் கன்னத்தை நிலத்தில் வைத்துப் பார்த்தோம். “இன்னும் பதிய வேண்டும்” என்றார். நான் கத்தி எடுத்து மலையை வெட்டினேன். “நீளப்பக்கம் சரிவோடு கிடக்கட்டும், எங்கள் வைக்கோல் கொட்டில்கள் அப்படித்தான் கிடக்கும்.” ஹென்ரிக் தூண்களைப் பிடுங்கி எறிந்தார். வளைந்த கூரையை அவரே உடைத்து நேர்க்கூரை ஆக்கினார். வளைந்த கூரை அவருக்குச் செல்லப்பிள்ளை. உடைக்கும்போது கண்ணாடியைத் துடைக்கவே இல்லை. கோப்பியும் கேக்கும் நிலத்துக்கே வந்தன. கடைசியில் கீழே இருந்து பார்த்தபோது ஒரு கல் அடித்தளமும், ஒரு மரச் சுவரின் கீற்றும், மலையும்தான் தெரிந்தன. புதிதாக எதுவும் வந்ததாக மலை காட்டிக்கொள்ளவில்லை.

ரோஸா எழும்பி முழங்காலைத் தட்டினார். ஊர்த் தலைவரைப் பார்த்தார். அவர் மீசையில் கேக் துகளோடு, “சரி” என்றார். வேலை எங்களுக்கு.

அவர்கள் போன பிறகு ஹென்ரிக்கும் நானும் தனியே நின்றோம். அவர் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு பக்கம், கம்பிகள், கம்பியின் திருகாணிகள் வரைக்கும் துடைத்தார். நான் மச்சானின் தொலைபேசி இலக்கத்தை நினைவுபடுத்திக்கொண்டிருந்தேன்.

“உயரம் பிழை” என்றார்.

“எது?”

“அந்த ஆள். அளந்தேன். இந்த அளவில் அவன் இரண்டு மீற்றருக்கும் மேலே வருகிறான். நீ அவ்வளவு உயரம் இல்லை. திருத்தி வை.” கதவுவரை போய்த் திரும்பினார். “மற்ற மொடல்களிலும் இருக்கிறாயா?”

“இல்லை” என்றேன்.

கொஞ்ச நேரத்தில், பழைய மொடல்களை வைத்திருக்கும் முன்மண்டபத்திலிருந்து, முழங்கால்கள் மடங்கும் சத்தமும் பிறகு அவர் குரலும் கேட்டன: “சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால்.”

அன்றிலிருந்து அங்கே எந்த மொடலையும் முதலில் முழங்காலில் நின்றுதான் பார்ப்பார்கள். கீழே யார் இருக்கிறார்கள் என்று தேட. என்னைத் தேடுகிறார்களா, ஊற்றைத் தேடுகிறார்களா என்று நான் கேட்டதில்லை.

நான் சொன்ன பாதியைக் கேட்டுவிட்டு அபிராமி அன்றைக்கு ஒரு கேள்விதான் கேட்டாள். “நீங்கள் அந்த மலையைப் போய்ப் பாத்தனீங்களோ, மாமா?”

“இல்லை.” திறப்பு விழாவுக்கு அழைத்தார்கள். முழங்கால் வருத்தம் என்று சொன்னேன். உண்மையில், ஏணியில் மூன்றாவது படி ஏறினாலே எனக்குக் கடவுள் பக்தி வந்துவிடும். தொங்கும் பெட்டியில் ஏற்றிக் கம்பியில் இழுப்பார்கள் என்று கேட்டதும் அந்தக் கிழமையே படுத்துவிட்டேன்.

போன மாதம் அலுவலகம் அபிராமியை அங்கே அனுப்பியது, சுவர்ப் பலகைகள் வெயிலிலும் பனியிலும் எப்படி நரைத்திருக்கின்றன என்று பார்க்க. அங்கிருந்து ரஞ்சியின் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. கட்டடம் இருக்கும் என்று பார்த்தால், ஊற்றுக்குப் பக்கத்தில் நட்ட ஒரு அறிவிப்புப் பலகை. பலகையில் ஒரு மனிதன். சின்னத் தொந்தி, கட்டம் போட்ட சாரம், மஞ்சள் வளைவு. எல்லாவற்றுக்கும் குறுக்கே தடித்த சிவப்புக் கோடு.

கூடவே அபிராமியின் குரல்: “மாமா, ரோஸா அன்ரி வைச்சது. சும்மா ‘குடிதண்ணி’ எண்டு எழுதிப் போட்டா ஒருத்தரும் பாக்கேல்லையாம். இப்ப எல்லாரும் நிண்டு பாக்கினமாம். ஹென்ரிக் உயரத்தைச் சரி பாத்துத்தான் அவாவுக்குப் படம் அனுப்பினவராம்.”

ரஞ்சி கண்ணாடியைப் போட்டாள். படத்தைப் பெரிதாக்கினாள். சாரக்கட்டை உற்றுப் பார்த்தாள்.

“நீங்கள்தான்” என்றாள். “இத்தனை வருசமா நான் தொண்டை கிழியச் சொன்னதை அந்த மனிசி ஒரு கோட்டிலை முடிச்சிட்டா.”

அடுத்த ஞாயிறு தோட்டத்துக்குப் போய், தேத்தண்ணி குடித்து, வழக்கம்போல வேலிப்பக்கம் ஒதுங்கினேன். வேலியில், சரியாக என் கண் மட்டத்தில், நான். சிவப்புக் கோட்டோடு, மழைக்கு நனையாமல் பிளாஸ்ரிக் உறை போட்டு. அங்கால் உருளைக்கிழங்கு கிண்டிக்கொண்டிருந்த டேனிஷ்காரி மண்வெட்டியை ஊன்றி நின்று, ரஞ்சியைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்தினாள்.

பொதுக் கழிப்பறை பாதையின் மறு கோடியில் இருக்கிறது. இப்போது நடந்துதான் போகிறேன்.